படம் போதும், கணக்கையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் நாகூரையும் வேளாங்கண்ணியையும் சேர்த்து இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். படங்களைக் குறை சொல்ல முடியாது. விளக்கு அலங்காரத்தில் மினாரா, காவி உடுத்தி மாதா கோயிலுக்கு நடந்து வருகிற கூட்டம், சந்தனக்கூடு, தேர்பவனி, மேலே நல்லிணக்க பூமி என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. எல்லாம் சரி. ஆனால் ஒரு வரி விடாமல் படித்து முடித்த பிறகும், அங்கே போகிற முஸ்லிம் எதை நம்புகிறார், கிறிஸ்தவர் எதை நம்புகிறார், அந்த நம்பிக்கை அவரை நாள்தோறும் என்ன செய்யச் சொல்கிறது, எதைச் செய்யாதே என்கிறது என்று ஒரு வார்த்தை கண்ணில் படவில்லை. மொட்டை, மெழுகுவர்த்தி, சந்தனம், பிரியாணி, முடிந்தது கதை.

நான் இந்து. பாபநாசம் பக்கம் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ராஜகிரி, பண்டாரவாடை பாய்மார்களும், பூண்டி மாதாவுக்கு நேர்ந்துகொள்கிற கத்தோலிக்கர்களும், ஞாயிற்றுக்கிழமை ஓட்டுக் கொட்டகையில் ஜெபம் நடத்துகிற பெந்தெகொஸ்தே சபைக்காரர்களும் என் எதிரில் வந்து உட்கார்ந்து கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவர்கள்தான். ஒருவருடைய மதம் திருவிழாவில் தெரிகிறதைவிடக் கடன் கவுண்டரில் நன்றாகத் தெரியும் என்பது என் அபிப்பிராயம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் உங்கள் படக்குறிப்பு. 'நாகூர் ஆண்டவரை வணங்கும் முஸ்லிம்கள்' என்று போட்டிருந்தீர்கள். அல்லாஹ்வைத் தவிர வணக்கத்துக்குரியவர் யாருமில்லை, முஹம்மது அவனுடைய தூதர் என்ற கலிமாவில்தான் இஸ்லாமே தொடங்குகிறது, ஐந்து கடமைகளில் அதுதான் முதல் கடமை, தொழுகை, நோன்பு, ஜகாத் என்ற கட்டாயத் தர்மம், ஹஜ் எல்லாம் அதற்கு அப்புறம்தான். தர்காவுக்குப் போகிற சுன்னத் ஜமாஅத்காரரைக் கேட்டால், நாகூர் ஆண்டவர் என்று சொல்லப்படுகிற சாஹுல் ஹமீது வலியுல்லாஹ் இறைநேசர், அவர் பொருட்டால் அல்லாஹ்விடம் கேட்கிறோம், அவரையே வணங்கவில்லை என்பார். ஏக இறைவனை மட்டும் என்று வலியுறுத்துகிற தவ்ஹீத் பக்கம் இருக்கிறவரைக் கேட்டால் அதுவும் கூடாது, இடையில் ஆளே தேவையில்லை என்பார். நாகூரிலேயே கந்தூரித் திருவிழாவுக்குக் கொடியேறும்போது தர்கா பக்கம் எட்டிப் பார்க்காத முஸ்லிம் வீடுகள் இருக்கின்றன. தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்த 131 அடி பெரிய மினாராவைப் பற்றி எழுதிய நீங்கள், அதன் நிழலில் நடக்கிற இந்த விவாதத்தைப் பற்றி எழுதவே இல்லை. எழுதினால் நல்லிணக்கம் கெட்டுவிடுமோ என்ற பயம் போலிருக்கிறது. கெடாது சார். அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அண்ணனும் தம்பியும் தினமும் பேசுகிற விஷயம்தான் அது.

வேளாங்கண்ணியிலும் இதே கதைதான். ஆகஸ்டு 29-ல் கொடியேறி, மாதாவின் பிறந்தநாளான செப்டம்பர் 8 வரை நடக்கிற விழாவைப் பார்த்துவிட்டு, கிறிஸ்தவர்கள் மேரியைத் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள் என்று எழுதிவிட்டீர்கள். கத்தோலிக்கர் மரியாளை இறைவனின் தாய் என்கிறார்கள், 431-ல் எபேசு நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்தில் உறுதியான பட்டம் அது, ஆனால் ஆராதனை கடவுளுக்கு மட்டும்தான், மாதாவிடம் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்றுதான் கேட்கிறார்கள். அங்கிருந்து கரையோரமாக வடக்கே போனால் தரங்கம்பாடி. 1706-ல் ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு வந்து இறங்கிய ஊர், 1718-ல் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இன்னும் நிற்கிறது. அங்கே இருக்கிற லுத்தரன் சபைக்காரர் மரியாளை மதிப்பார், ஆனால் அவரிடம் வேண்டிக்கொள்ள மாட்டார். பெந்தெகொஸ்தே பாஸ்டரோ வேளாங்கண்ணிக்குப் போகாதே என்றே பிரசங்கம் செய்வார். இவர்கள் எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டி 'கிறிஸ்தவர்கள்' என்று முத்திரை குத்தினால் எப்படி?

இன்னொன்று, பாதி வாசகர்களுக்குத் தெரிந்திருக்காது. குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகிற ஒரே பெண் மர்யம், அதாவது அந்த வேளாங்கண்ணி மாதாதான். 19-வது அத்தியாயத்துக்கே அவர் பெயர். ஆண் துணையில்லாமல் ஈசா நபியை, அதாவது இயேசுவை, பெற்றெடுத்தார் என்பதை முஸ்லிம்களும் நம்புகிறார்கள். இதைச் சொன்னவுடன் 'அடடா, எல்லாம் ஒன்றுதான்' என்று தலைப்புப் போடக் கிளம்பிவிடாதீர்கள். ஒன்றில்லை. கிறிஸ்தவருக்கு இயேசு கடவுளின் மகன், மனிதர்களின் பாவத்துக்காகச் சிலுவையில் மரித்து மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தவர். தந்தை, மகன், தூய ஆவி என்று மூவராய் இருக்கிற ஒரே கடவுள் என்பது அவர்கள் விசுவாசம். 325-ல் ஆயர்கள் நிசேயாவில் கூடி வகுத்த அறிக்கையில் தொடங்கியதைத்தான், கொஞ்சம் விரித்து, இன்றைக்கும் பூசையில் சொல்கிறார்கள். முஸ்லிமுக்கு அவர் பெரிய நபி, ஆனால் நபிதான். அவரைக் கொல்லவும் இல்லை, சிலுவையில் அறையவும் இல்லை என்று குர்ஆன் நேரடியாகவே சொல்கிறது (4:157). கிறிஸ்து உயிர்த்தெழவில்லை என்றால் எங்கள் பிரசங்கமே வீண் என்று எழுதியவர் அப்போஸ்தலர் பவுல். ஆக ஒருவருக்கு எது அஸ்திவாரமோ அதுவே மற்றவருக்கு நடக்காத ஒன்று. இதைப் பூசி மெழுக வேண்டிய அவசியமே இல்லை. இவ்வளவு பெரிய வித்தியாசத்தை வைத்துக்கொண்டுதான் இவர்கள் ஒரே தெருவில் பால் வாங்குகிறார்கள், ஒரே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி, நம்பிக்கை இருக்கட்டும், நடைமுறைக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த வேலை கணக்கு, ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

ஜகாத் என்றால் இரண்டரை சதவீதம் என்று எல்லோருக்கும் தெரியும். சுமார் 85 கிராம் தங்கத்தின் மதிப்புக்கு, நம் கணக்கில் பத்தரைப் பவுனுக்குக் கொஞ்சம் கூட, மேல் சொத்து கையிலிருந்து ஒரு சந்திர வருடம் ஓடியிருந்தால் நாற்பதில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். (வெள்ளிக் கணக்கும் உண்டு, அதில் வரம்பு இன்னும் குறையும்.) ஆனால் விளைச்சலுக்கு வேறு கணக்கு இருக்கிறது என்பது டெல்டாவில் இருக்கிற நமக்கே தெரியாது. மழையிலும் ஆற்றுப் பாய்ச்சலிலும் தானாக விளைந்தால் பத்தில் ஒன்று. செலவு செய்து இறைத்துப் பாய்ச்சினால் இருபதில் ஒன்று. அதாவது மேட்டூர் அணை திறந்து குடமுருட்டி ஆற்றில் வந்த தண்ணீர் மடை வழியாக வயலில் ஏறினால் ஒரு கணக்கு, பம்புசெட் போட்டு நாற்றங்கால் விட்டுக் குறுவையைக் காப்பாற்றினால் இன்னொரு கணக்கு. இரண்டும் பாதிக்குப் பாதி என்றால் ஏழரை சதவீதம் என்று சொன்ன அறிஞர்கள் உண்டு. சுமார் 650 கிலோவுக்குக் கீழே விளைந்தால் கொடுக்க வேண்டியதில்லை என்பார்கள் ஷாஃபி என்ற சட்ட வழியினர், ஹனஃபி என்ற இன்னொரு சட்ட வழியில் அந்த வரம்பு கிடையாது. குத்தகை நிலமாக இருந்தால் நிலக்காரர் கொடுப்பதா, பயிர் செய்தவர் கொடுப்பதா? இமாம் அபூஹனீஃபா நிலக்காரர் என்றார், பெரும்பாலான மற்றவர்கள் பயிர் செய்தவர் என்றார்கள். எங்கோ பாலைவனத்துச் சமாச்சாரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிற ஒரு மதத்தின் சட்டத்தில், உழவனின் பாசனச் செலவைக் கழித்துப் பார்க்கிற நியாயம் ஆயிரத்துச் சொச்சம் வருஷமாக இருக்கிறது. நம் சர்க்கார் கொள்முதல் விலை போடும்போதாவது இந்த மாதிரிப் பார்க்கிறதா என்று கேட்கத் தோன்றுகிறது. அது வேறு விஷயம், விடுங்கள்.

கிறிஸ்தவத்தில் தசமபாகம். பத்தில் ஒன்று என்பது மோசேயின் சட்டம். கத்தோலிக்கத் திருச்சபை இன்றைக்குச் சதவீதம் எதுவும் கட்டாயப்படுத்துவதில்லை, இயன்றதைக் கொடுத்துத் திருச்சபையின் தேவைக்கு உதவு என்கிறது. லுத்தரன், சி.எஸ்.ஐ. சபைகளில் அறுப்பின் பண்டிகை நடக்கும், பார்த்திருக்கிறீர்களா? நெல் மூட்டை, பூசணிக்காய், வாழைத்தார், கால் கட்டின சேவல், கேக், கறவை மாடுகூட வரும். ஆராதனை முடிந்ததும் ஏலம். சந்தையில் சீந்த ஆளில்லாத பூசணிக்காயை இரண்டு பேர் வீம்புக்கு ஏற்றிவிட்டு, எடுத்தவர் அதைத் திருப்பி ஏலத்துக்கே விட்டு, அது மறுபடியும் விலை போகும். இதை ஒரு தடவை உங்கள் நிருபர் போய்ப் பார்த்து எழுதட்டும், சந்தனக்கூடு படத்தைவிட சுவாரஸ்யமாக இருக்கும்.

ஆனால் பெந்தெகொஸ்தே சபைகளில் சிலவற்றைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும். நடவு வேலைக்குப் போகிற அம்மா, கூலியில் பத்தில் ஒன்றைத் தனியே எடுத்துக் கவரில் போட்டு, மேலே பெயர் எழுதி வைத்திருப்பார். அதே அம்மா மகளிர் குழுத் தவணை கட்ட முடியாமல் எங்கள் சங்கத்தில் தோட்டை அடமானம் வைப்பார். இஸ்லாத்தின் கணக்கில் அவர் கொடுக்க வேண்டியவரே இல்லை, வாங்க வேண்டியவர். பைபிளில் பார்த்தாலும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பத்தில் ஒரு பங்கை ஊரிலேயே வைத்து, ஆலயப் பணி செய்கிற, நிலமில்லாத லேவியருக்கும் பரதேசிக்கும் அநாதைக்கும் விதவைக்கும் சாப்பிடக் கொடு என்று உபாகமம் சொல்கிறது. அந்த வசனத்தை மேடையில் நான் கேட்டதில்லை. இரண்டு காசு போட்ட ஏழை விதவையின் கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கொடுக்கிற அந்த அம்மாவின் மனசை நான் குறை சொல்லவில்லை, வாங்குகிறவர் வரவு செலவு காட்ட வேண்டும் என்கிறேன். சங்கத்தில் ஒவ்வொரு ரூபாய்க்கும் தணிக்கையாளரிடம் பதில் சொன்னவன் கேட்கிற கேள்வி இது.

முஸ்லிம்கள் பக்கமும் ஒரு குறை உண்டு. ரமலான் கடைசிப் பத்தில் பெரிய வீடுகள், கடைகளின் வாசலில் ஜகாத் வாங்க வரிசை நிற்கும், வெயிலில் கிழவிகள் உட்கார்ந்திருப்பார்கள். கொடுப்பதைப் பகிரங்கமாகக் கொடுத்தாலும் நல்லதே, மறைத்து ஏழைகளுக்குக் கொடுத்தால் அது இன்னும் நல்லது என்கிறது குர்ஆன் (2:271). வலது கை கொடுத்தது இடது கைக்குத் தெரியாமல் கொடுத்தவர் மறுமையில் இறைவனின் நிழலில் இருப்பார் என்று நபிமொழி. வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னதும் அதேதான். இரண்டு வேதமும் இவ்வளவு சொல்லியும், நன்கொடையாளர் பெயரைக் கல்வெட்டில் அடிக்காத கட்டடம் இரண்டு பக்கத்திலும் அபூர்வம். நம் கோயில் டியூப்லைட்டில் உபயம் எழுதுகிற ஆள் நான், ரொம்பவும் பேசக் கூடாது.

வட்டி. என் தொழிலே அதுதான். எங்கள் சங்கத்தில் ஒரு பாய், வயசானவர், பயிர்க்கடன் வாங்குவார். தவணை தவறாமல் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டி இல்லை, அரசே ஏற்றுக்கொள்கிறது. கெடு தாண்டினால் வட்டி ஏறும். மற்றவர்கள் கடைசி நாள் சாயங்காலம் ஓடி வருவார்கள், சிலர் தள்ளுபடி வருமா என்று பார்த்துக்கொண்டு வரவே மாட்டார்கள். இவர் மட்டும் கெடுவுக்கு வெகு முன்னாலேயே வந்து, மடியிலிருந்து நோட்டை எடுத்து எண்ணி வைத்துவிட்டு, "வட்டி ஒட்டலையே தம்பி, நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்பார். பேரேட்டைத் திருப்பிக் காட்டினால்தான் எழுந்திருப்பார். சேமிப்புக் கணக்கில் தானாக வரவாகிற சொற்ப வட்டியைக்கூடத் தனியாக எடுத்து, புண்ணியத்தை எதிர்பார்க்காமல் யாருக்காவது கொடுத்துவிடுவார். நகைக்கடன் பக்கம் வந்ததே இல்லை. வியாபாரத்தை ஆகுமாக்கி வட்டியை விலக்கினான் இறைவன் என்ற வசனத்தை (2:275) எனக்கு மனப்பாடம் ஆகும் வரை சொல்லியிருக்கிறார். ஐந்து வசனம் தள்ளி இன்னொன்று வருகிறது, கடன்பட்டவன் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும் வரை அவகாசம் கொடு, விட்டுக்கொடுத்தால் இன்னும் நல்லது என்று. பல ஊர்களில் ஜமாஅத்தின் பைத்துல்மாலில், அதாவது பொதுநிதியில், வட்டியில்லாக் கடன் கொடுப்பது இதை வைத்துத்தான்.

கிறிஸ்தவர்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தார்கள். திருச்சபை நூற்றாண்டுக் கணக்கில் வட்டியைப் பாவம் என்றது, 1745-ல்கூடப் போப் பதினான்காம் பெனடிக்ட் அதைக் கண்டித்துச் சுற்றறிக்கை எழுதினார். அப்புறம் மெல்லத் தளர்ந்து, நியாயமான வட்டி பரவாயில்லை என்றாகிவிட்டது. இருந்தாலும் மத்தேயு 18-ல் ஒரு கதை இருக்கிறது. ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து என்ற பெருந்தொகை கடன்பட்டவன் மொத்தமும் மன்னிக்கப்பட்டு வெளியே வருகிறான், வந்ததும் தன்னிடம் நூறு வெள்ளிக்காசு கடன்பட்டவன் கழுத்தை நெரிக்கிறான். வாரத் தவணை வசூலுக்கு வீட்டு வாசலில் ராத்திரி வரை உட்கார்ந்திருக்கிற ஆட்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதை ஞாபகம் வரும். கந்துவட்டிக்கு எதிராக 2003-ல் சட்டமே வந்தும் ஊருக்கு ஊர் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. வசூலிக்கிறவர்களில் எல்லா மதத்துக்காரரும் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கூலி விஷயத்திலும் இரண்டு பேரும் ஒரே பேச்சு. வேலை செய்தவனின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடு என்பது நபிமொழி. உங்கள் வயலை அறுத்தவர்களுக்கு நீங்கள் பிடித்து வைத்த கூலி கூக்குரல் போடுகிறது, அது கடவுள் காதில் விழுந்துவிட்டது என்கிறது யாக்கோபின் நிருபம். கூலி உயர்வு கேட்டுப் போராடியதற்காக வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்த மண் இது. அது நடந்தது 1968 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் ராத்திரி.

நோன்பைப் பற்றியும் கொஞ்சம். 2025-ல் ரமலானும் கிறிஸ்தவர்களின் தவக்காலமும் ஒரே வாரத்தில் தொடங்கின. பள்ளிவாசலில் பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, புதினா போட்டுக் காய்ச்சுகிற கஞ்சியைத் தூக்குவாளியில் வாங்கிப் போகிற நம் பிள்ளைகளின் படம் எல்லாப் பத்திரிகையிலும் வரும். அந்தப் பக்கம் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு, வெள்ளிக்கிழமை கவிச்சி தொடாமல் இருக்கிறவர்களின் படம் வரவே வராது, வாளி இல்லையே. கத்தோலிக்கருக்குக் கட்டாய உபவாசம் இரண்டே நாள்தான், திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். முஸ்லிமுக்கு மாதம் முழுக்க, விடியலுக்கு முன்னிருந்து சூரியன் மறையும் வரை தண்ணீரும் கிடையாது, நோயாளிக்கும் பயணிக்கும் விலக்கு உண்டு, பிறகு வேறு நாளில் நோற்றுக்கொள்ளலாம். ஆனால் பொய்யை விடாதவன் சோற்றை விடுவது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்கிறார் நபி, பசித்தவனோடு உன் அப்பத்தைப் பகிர்வதே எனக்குப் பிடித்த உபவாசம் என்கிறது ஏசாயா 58. இதில் ஒரு வரியையாவது அந்தக் கஞ்சிப் படத்துக்குக் கீழே போட்டால் குறைந்தா போகும்?

வேதத்தில் இருப்பது வேறு, ஊரில் நடப்பது வேறு என்பதையும் எழுதுங்கள், மறைக்க வேண்டாம். கிறிஸ்துவில் யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்று படித்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு மூலை ஒதுக்கியிருக்கிறார்கள். மணமகன்தான் மணமகளுக்கு மஹர் கொடுக்க வேண்டும் என்று குர்ஆன் (4:4) சொல்லியிருக்க, பெண் வீட்டாரிடம் ரொக்கமும் நகையும் வாங்கிக்கொண்டு, மஹருக்கு ஒரு சின்னத் தொகையை நிக்காஹ் தஃப்தரில், அதாவது கல்யாணப் பதிவேட்டில், எழுதுகிறார்கள். இதை எதிர்த்து அதிகமாகப் பேசுகிறவர்களும் அந்தந்தச் சமூகத்துப் பிள்ளைகள்தான். அவர்கள் குரலையும் உங்கள் இணைப்பில் காணோம்.

செய்கிறதும் உண்டு. 2004 சுனாமியின்போது நாகை கடற்கரையில் கிடந்த உடல்களை யார் எவர் என்று பார்க்காமல் எடுத்து அடக்கம் செய்தவர்களில் ஜமாஅத் இளைஞர்கள் முன்னால் நின்றார்கள், கொரோனாவில் சொந்தப் பிள்ளைகளே தொடப் பயந்த உடல்களையும் தூக்கினார்கள். அதைப் பெருந்தன்மை என்று மட்டும் எழுதினீர்கள். அதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. இறந்த முஸ்லிமைக் குளிப்பாட்டி, தொழுகை நடத்தி, அடக்குவது ஊரின் கடமை, சிலர் செய்தால் எல்லோர் பொறுப்பும் தீர்ந்தது, ஒருவரும் செய்யாவிட்டால் ஊருக்கே குற்றம். சின்ன வயசிலிருந்து அதைச் செய்து பழகிய கை, மற்றவர் உடலைத் தொடவும் கூசவில்லை. கத்தோலிக்கர் மறைக்கல்வியிலும் இரக்கச் செயல்கள் ஏழு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள், அதில் இறந்தவரை அடக்குவது ஒன்று. பசித்தேன், உணவு கொடுத்தாயா, நோயுற்றேன், பார்க்க வந்தாயா என்று தீர்ப்பு நாளில் கேட்கப்படும் என்று மத்தேயு 25-ல் இயேசு சொல்கிறார். நான் நோயுற்றேன், நீ பார்க்க வரவில்லை, உணவு கேட்டேன், நீ தரவில்லை என்று அல்லாஹ்வே மனிதனிடம் கேட்பான் என்று ஸஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் ஒரு நபிமொழி. சிலுவையைப் பற்றி முன்னே சொன்ன கருத்து வேறுபாடு தீராமல் அப்படியே இருக்கும்போதே இதில் இரண்டும் இவ்வளவு நெருங்கி நிற்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

ஆகவே ஒரு கோரிக்கை. அடுத்த இணைப்புக்கு படக்காரரோடு சேர்த்து நோட்டுப் புத்தகத்தோடு ஒருவரை அனுப்புங்கள். இஸ்லாமிய மார்க்கம் கற்ற ஒரு ஹஜ்ரத், ஒரு பங்குத் தந்தை, ஒரு லுத்தரன் போதகர், ஒரு பெந்தெகொஸ்தே பாஸ்டர், நான்கு பேரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கட்டும். மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வராமல் சம்பா கருகிய வருஷத்தில், நிலக்காரர் குத்தகை நெல்லைக் கேட்கலாமா, கூடாதா? கோயில் நிலத்துக்கும் குத்தகை இருப்பதால் நம் பக்கத்திலிருந்தும் ஒரு பெரியவரைக் கேளுங்கள். யார் என்ன சொன்னாலும் வெட்டாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்க எழுத்தர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.